வாங்குவோர் கையில் ஒரு தராசு

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் ஒளவைப் பிராட்டியும் இவ்விரண்டையும் இணைத்தே பேசினர். அவ்வாறு பேசியபோது இருவருமே எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நாமோ காலப்போக்கில் எழுத்தைத் தமிழ்த்துறைக்கும் எண்ணைக் கணிதத்துறைக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். பங்கு பிரித்த வீட்டில் நடுவே சுவர் எழுவது இயல்பு. அச்சுவரில் ஒரு சன்னலேனும் வைக்க வேண்டும் என்னும் விழைவே, தமிழ்த்துறை மலரில் கணக்கைப் பற்றி எழுதத் தூண்டியது.

விண்மீன்களின் தொலைவை அளக்கும் பெருங்கணக்குகளைப் பற்றி இங்குப் பேசப்போவதில்லை. நாள்தோறும் கடைத்தெருவில் நாம் போடுகின்ற, அல்லது போடத் தவறுகின்ற சிறுகணக்கைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சந்தையில் கண்ட காட்சி

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் காய்கறிச் சந்தை ஒன்று உண்டு. சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் சமையற்கட்டுகளுக்கு அதுவே தாய்வீடு. அங்கு ஒரு காலைப்பொழுதில் கல்லூரி மாணவர் ஒருவர் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். கிலோ 28 ரூபாய். அவர் வாங்கியது ஒன்றே முக்கால் கிலோ. தராசிலிருந்து காய் பைக்குள் விழுவதற்கு முன்பே, "நாப்பத்தொம்பது ரூவா குடு தம்பி" என்றார் கடைக்கார ஆச்சி. மாணவர் கைப்பேசியை எடுத்தார்; எண்களை அழுத்தினார்; 49 என்று வந்தது. பின்னரே பணத்தை நீட்டினார். "இத்தனை படிச்சிட்டு மெஷினைக் கேட்டுத்தான் நம்புவியா தம்பி?" என்று ஆச்சி சிரித்தார்.

ஆச்சி செய்தது என்ன? முக்கால் என்பது ஒன்றில் கால் குறைவு. இருபத்தெட்டில் கால் ஏழு. ஏழு போக இருபத்தொன்று. இருபத்தெட்டும் இருபத்தொன்றும் நாற்பத்தொன்பது. அவ்வளவுதான். அம்மாணவர் அறிவில் குறைந்தவர் அல்லர். பள்ளியில் இருபடிச் சமன்பாடுகளைக் கூடத் தீர்த்து மதிப்பெண் பெற்றவராகவே இருப்பார். ஆனால் தேர்வுத்தாளில் எழுதிய அந்த 'எக்ஸ்' என்னும் எழுத்தும், பையில் விழுந்த கத்தரிக்காயின் விலையும் உறவினர்கள் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. குறை அவருடையதன்று, சொல்லாமல் விட்ட நம்முடையது.

பக்தாதில் பிறந்த கடைக்கணக்கு

இயற்கணிதம் வகுப்பறையில் பிறந்ததன்று, வாழ்க்கையில் பிறந்தது. கலீஃபா மஃமூன் ஆட்சி செய்த காலத்தில் (813 – 833) பக்தாதின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு இல்லத்தோடு தொடர்பு கொண்டு வாழ்ந்தவர் முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மீ. 'அல் ஜப்ர் வல் முகாபலா' என்று தலைப்பிட்டு அவர் எழுதிய நூலிலிருந்தே இக்கலைக்கு ஐரோப்பிய மொழிகள் 'அல்ஜீப்ரா' என்னும் பெயரைப் பெற்றன. அந்நூலை எழுதியதன் நோக்கத்தை அவரே முன்னுரையில் கூறுகிறார். மரபுரிமைச் சொத்தைப் பிரித்தல், விருப்ப ஆவணப்படி பங்கிடல், வழக்குத் தீர்த்தல், வாணிகம் செய்தல், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படும் எளிய கணக்கைத் தருவதே அந்நோக்கம்.

வாணிகம் பற்றிய பகுதியில், எல்லாக் கொள்வினை கொடுப்பினையிலும் நான்கு எண்களே உள்ளன என்கிறார் அவர். ஓர் அளவு, அதன் விலை, நாம் வேண்டும் அளவு, அதற்குரிய தொகை; மூன்று தெரிந்தால் நான்காவது தானே வரும். பத்துக்கு ஆறு என்றால் நான்குக்கு எவ்வளவு என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆறை நான்கால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் விடை 2.4. தாராசுரத்து ஆச்சி வாய்க்கணக்காகச் செய்தது இதன் தங்கைதான்.

'ஜப்ர்' என்னும் சொல் குறைந்ததை நிறைவாக்குதல், முறிந்ததைச் சேர்த்தல் என்னும் பொருள் தருவது. 'முகாபலா' என்பது இரண்டை எதிரெதிர் நிறுத்திச் சமப்படுத்துவது. தராசின் இரு தட்டுகளையும் நினைவூட்டும் சொற்கள் இவை. தெரியாத எண்ணை அவ்வறிஞர் 'ஷைஃ' என்றார். அதற்குத் தமிழில் 'பொருள்' என்று பொருள். கடைக்குப் பொருள் வாங்கச் செல்வோர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ? எனவே இக்கட்டுரையில் தெரியாத எண்ணைப் 'பொ' என்றே குறிப்போம்.

இராசராசபுரம் எழுந்த காலம்

தாராசுரம் என்னும் பெயரில் 'தராசு' ஒலிப்பது தற்செயலே. சொல்லாய்வார் அதனை ஒப்பமாட்டார். இரண்டாம் இராசராச சோழன் பெயரால் இராசராசபுரம் என வழங்கிய ஊர் இது. அவன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலை 2004ஆம் ஆண்டு ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் வேறொரு தற்செயல் நம் கருத்தைக் கவர்கிறது. 1145ஆம் ஆண்டில் செஸ்டர் ஊரினரான இராபர்ட் என்பார் ஸ்பெயின் நாட்டுச் செகோவியா நகரில் அல் குவாரிஸ்மீயின் நூலை இலத்தீனில் பெயர்த்தார். 1146இல் இராசராசன் ஆட்சிப் பொறுப்பேற்றான். 1150இல் பாஸ்கராசாரியார் லீலாவதியும் பீஜகணிதமும் அடங்கிய தம் பெருநூலை முடித்தார். தாராசுரத்தில் உளி ஒலித்த காலத்தில் உலகின் இரு கோடிகளிலும் கணக்கு நூல்கள் விரிக்கப்பட்டிருந்தன.

லீலாவதியிலும் கடைத்தெரு உண்டு. ஒரு திரம்மத்துக்கு 300 மாம்பழம். ஒரு பணத்துக்கு 30 மாதுளை. பதினாறு பணம் ஒரு திரம்மம். பத்து மாம்பழத்துக்கு மாற்றாக எத்தனை மாதுளை கிடைக்கும் என்று நூல் வினவுகிறது. விடை பதினாறு. பேரறிஞர்களுக்குப் பழக்கடை இழிவாகத் தோன்றவில்லை என்பதை நம் பாடநூல் எழுதுவோர் உணர்தல் வேண்டும்.

நம் மண்ணின் கணக்கு

தமிழர்க்கும் இதில் குறைவில்லை. சோழநாட்டுக் கொறுக்கையூரைச் சேர்ந்த காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் கணக்குகளை வெண்பாவிலும் உரையிலும் கற்பித்த நூல். பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் எத்தனை சுளை இருக்கும் என்று காண அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பை ஒட்டியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் ஐம்பது எனில் சுளை அறுபது. இன்றைய முறையில் எழுதினால், பொ = 6 × முள் ÷ 5.

இவ்விதி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பதைப் பழம் அறுத்துச் சோதித்தறிவது மாணவர் கடன். சுவையான கடனும் கூட. ஆனால் அவ்விதியின் வடிவத்தைக் காணுங்கள். மறைந்திருப்பதைக் கண்முன் இருப்பதைக் கொண்டு அறியும் முயற்சி அது. சமன்பாட்டின் உயிரே அதுதான். அதுவும் பழக்கடையில், விலை பேசுவதற்கு முன், வாங்குவோர் கையில் கொடுக்கப்பட்ட விதி!

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லிக் கற்ற பிள்ளைகள் மாகாணி என்னும் பதினாறில் ஒன்றையும், முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒன்றையும் நாவில் ஏந்திக் கடைத்தெருவுக்குச் சென்றனர். கணிதமேதை இராமானுசன் வளர்ந்தது தாராசுரத்துக்குப் பக்கத்திலுள்ள கும்பகோணத்தில். அவருடைய தந்தையார் அந்நகரத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். இராமானுசன் நூறாண்டுக்கு ஒருவர் தோன்றலாம். துணிக்கடைக் கணக்கு நாள்தோறும் தோன்றுகிறது. மேதைக்குச் சிலை எழுப்பும் நாம், அவர் தந்தையார் பார்த்த தொழிலுக்கேனும் தகுதி பெற வேண்டாமா?

தெரியாததற்குப் பெயர் வைத்தல்

இனிக் கணக்குகளுக்கு வருவோம். இங்குத் தரும் விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

அண்டை வீட்டார் இருவர் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினர். முதலாமவர் 2 கிலோ தக்காளியும் 3 கிலோ வெங்காயமும் வாங்கி 170 ரூபாய் கொடுத்தார். மற்றவர் 3 கிலோ தக்காளியும் 2 கிலோ வெங்காயமும் வாங்கி 155 ரூபாய் கொடுத்தார். தனித்தனி விலை என்ன என்று இருவருக்கும் நினைவில்லை. தக்காளியின் விலைக்குத் 'த' என்றும், வெங்காயத்தின் விலைக்கு 'வெ' என்றும் பெயரிடுவோம்.

2த + 3வெ = 170
3த + 2வெ = 155

இரண்டையும் கூட்டினால் 5த + 5வெ = 325. ஆகவே த + வெ = 65. முதல் வீட்டார் வாங்கியதில் இரண்டு தக்காளி, இரண்டு வெங்காயத்துக்கு 130 போக எஞ்சிய 40 ஒரு கிலோ வெங்காயத்தின் விலை. தக்காளி 25.

இதனால் என்ன பயன் என்று வினவலாம். மூன்றாம் வீட்டார் அதே கடையில் இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி 70 ரூபாய் கொடுத்திருந்தால், விலை மாறியிருக்க வேண்டும். அல்லது கூட்டல் பிழைத்திருக்க வேண்டும். சமன்பாடு தெரிந்தவர் சினம் கொள்ளாமல், "65 அல்லவா வரவேண்டும்?" என்று பணிவாகக் கேட்கலாம். தெரியாதவர் ஒன்று ஏமாறுவார். அல்லது காரணமின்றிச் சண்டையிடுவார். பெயர் வைக்கப்படாத ஐயம் பகையாகிறது. பெயர் வைக்கப்பட்ட ஐயம் கணக்காகிறது.

தள்ளுபடி என்னும் திரை

தாராசுரம் பட்டுத்தறிகளின் ஊர். ஒரு சேலையின் விலைச்சீட்டில் 5,000 என்று இருக்கிறது. 20 விழுக்காடு தள்ளுபடி. அதன்மேல் மேலும் 10 விழுக்காடு. பலர் இதனை 30 விழுக்காடு என்று எண்ணி 3,500 ரூபாயுடன் செல்வர். ஆனால் இரண்டாம் தள்ளுபடி குறைந்த விலையின் மீதே கணக்கிடப்படும். 5,000 முதலில் 4,000 ஆகும். அதில் பத்திலொன்று குறைந்து 3,600 ஆகும். உண்மைத் தள்ளுபடி 28 விழுக்காடே. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும் அவ்வாறே. நான்கு பொருள் கையில் உள்ளன. மூன்றின் விலை கொடுத்தோம். எனவே தள்ளுபடி 25 விழுக்காடு. நமக்கு வேண்டியது ஒன்றே என்றால் தள்ளுபடி சுழியம்.

20 விழுக்காடு தள்ளுபடி போக 2,400 ரூபாய்க்கு வாங்கிய பொருளின் முன்விலை என்ன? 2,400உடன் அதன் ஐந்திலொன்றைச் சேர்த்து 2,880 என்பார் பலர். அது பிழை. பொவில் ஐந்திலொரு பங்கு போனபின் எஞ்சிய நான்கு பங்கே 2,400. ஒரு பங்கு 600. பொ = 3,000. குறைந்ததை நிறைவாக்கும் 'ஜப்ர்' இதுவே.

இன்னொன்றும் நினைவிற் கொள்க. 4,000 ரூபாய்ச் சேலைக்கு முதலில் 25 விழுக்காடு ஏற்றி 5,000 என்று சீட்டு எழுதி, பின்னர் 20 விழுக்காடு தள்ளுபடி என்று பறைசாற்றினால், விலை மீண்டும் 4,000 ஆகிவிடும். வாங்குவோர் மகிழ்ந்து வீடு செல்வர். எவருக்கும் ஒரு காசும் தள்ளுபடியாகவில்லை.

பொட்டலமும் பயணமும்

ஒரு பொட்டலம் 1 கிலோ, 140 ரூபாய். பக்கத்துப் பொட்டலம் 850 கிராம், 125 ரூபாய். உருவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. 'விலை குறைவு' என்று கை இரண்டாவதை நோக்கி நீளும். அதன் கிலோ விலையைப் பொ என்போம். 0.85 பொ = 125. பொ ஏறத்தாழ 147. குறைந்த விலை என்று எடுத்ததே கூடிய விலை. எண்ணெயிலும் இவ்வாறே லிட்டரும் கிலோவும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் உளர். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராமே. கிலோ 300 ரூபாய் என்னும் எண்ணெய்க்கு ஈடான லிட்டர் விலை 273 ரூபாய். பொட்டலப் பொருள் விதிகளில் 2021ஆம் ஆண்டு செய்த திருத்தம் அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று கூறுகிறது. நல்ல விதிதான். ஆனால் சிறிய எழுத்தில் உள்ள அவ்வெண்ணைத் தேடிப் படிப்பவர்க்கே அது துணைசெய்யும்.

தெருமுனைக் கடையில் காய் கிலோ 40, சந்தையில் 28, சந்தைக்குப் போகவரப் பேருந்துக் கட்டணம் 24. எத்தனை கிலோ வாங்கினால் சந்தைக்குச் செல்வது தகும்? 40பொ = 28பொ + 24. எனவே 12பொ = 24; பொ = 2. இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் தெருமுனைக் கடையே நன்று. கூடினால் சந்தை நன்று. 2021ஆம் ஆண்டு தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது இச்சமன்பாட்டில் 24 என்னும் எண் சுழியமாயிற்று. அரை கிலோ வாங்கும் ஏழைத் தாய்க்கும் சந்தை விலை எட்டியது. ஓர் அரசாணை ஒரு குடும்பத்தின் சமன்பாட்டை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் காட்ட இதனினும் தெளிந்த பாடம் வேண்டுமோ?

வட்டியில்லாத் தவணை

இதுவரை கூறியவை ரூபாய் பத்து, நூறு பற்றியவை. இனிக் கூறுவது குடும்பத்தையே சாய்க்க வல்லது. வட்டி வாங்குவதையும் கொடுப்பதையும் மனம் ஒப்பாத இல்லங்களிலும் இது கதவைத் தட்டாமலே நுழைகிறது. ஆதலின் பெரியோர்கள் இதனைச் சற்று ஊன்றிக் காண வேண்டுகிறேன்.

கைப்பேசி ஒன்றின் விலை 12,000. ரொக்கமாக வாங்கினால் 10,800. தவணையில் வாங்கினால் மாதம் 1,000 வீதம் 12 மாதம். 'வட்டி இல்லை' என்று எழுதியிருக்கிறது. உண்மையில் நாம் பெற்ற கடன் 10,800. திருப்பித் தருவது 12,000. கூடுதல் 1,200. "பத்தாயிரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், 11 விழுக்காடுதானே" என்று சிலர் அமைதி கொள்வர். அதுவும் பிழை. ஆண்டு முழுவதும் 10,800 ரூபாயும் நம்மிடம் இருப்பதில்லை. மாதந்தோறும் அசலில் 900 குறைகிறது. முதல் மாதம் நம்மிடம் உள்ள கடன் 10,800. அடுத்த மாதம் 9,900. இவ்வாறே இறங்கிக் கடைசி மாதம் 900. இப்பன்னிரண்டையும் கூட்டினால் 70,200. மாதம் நூற்றுக்குப் பொ ரூபாய் வட்டி என்றால்,

70,200 × பொ ÷ 100 = 1,200

பொ ஏறத்தாழ 1.71. அதாவது ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல்! 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், சுழிய வட்டி என்று ஒன்று கிடையாது என்னும் கருத்தையே வலியுறுத்தி, அவ்வாறான திட்டங்களில் வட்டி மறைக்கப்படுவதைக் கண்டித்தது. பெயர் மாறினும் 1,200 மாறுவதில்லை. தறியில் கால் நோக உழைத்துப் பெற்ற கூலி இவ்வாறு ஒரு சொல்லின் மறைவில் கரைவதைக் காணும்போது, இயற்கணிதம் தேர்வுக்குரிய பாடம் மட்டும்தான் என்று எவ்வாறு கூறுவது?

தராசுக்கு இரண்டு தட்டு

சமன்பாடு வாங்குவோர்க்கு மட்டும் உரிய படைக்கலம் என்று எவரும் கருதிவிடலாகாது. தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. மீண்டும் நம் ஆச்சியிடம் செல்வோம். அவர் 25 கிலோ தக்காளிப் பெட்டியை 500 ரூபாய்க்கு எடுக்கிறார். ஏற்றுகூலியும் வண்டிச் செலவும் 50. மூன்று கிலோ நசுங்கியும் அழுகியும் போகிறது. விற்பதற்கு எஞ்சுவது 22 கிலோ. வெயிலில் அமர்ந்து உழைத்ததற்கு அப்பெட்டியில் 220 ரூபாயாவது அவருக்குக் கிடைக்க வேண்டும். கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்?

22பொ = 500 + 50 + 220

பொ = 35. நாமோ பேரங்காடியில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் பணம் கொடுத்துவிட்டு, ஆச்சியிடம் வந்து "முப்பதுக்குக் கொடு" என்று மல்லாடுகிறோம். அனைவரும் அவ்வாறு கேட்டால் 22 × 30 = 660. செலவு 550 போக அவருக்கு எஞ்சுவது 110. கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்ததாக நாம் எண்ணினோம். அவருடைய கூலியில் பாதியைக் குறைத்தோம் என்று கணக்கு சொல்கிறது.

வாங்கும்போது நிறைய அளந்து பெற்று, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. காவிரி கடலோடு கலக்கும் பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலையும், பெறும் இடத்தில் கூடுதலையும் தரும் இடத்தில் குறைவையும் அவர்கள் அறியார் என்றே சிறப்பிக்கிறது. வள்ளுவரோ நடுவுநிலைமைக்குத் தராசுக் கோலையே உவமையாக்கினார். இம்மூன்றிலும் நேர்மை இருபக்கமும் நோக்குகிறது. சமன்பாட்டின் நடுவே நிற்கும் அந்த இரு சிறு கோடுகளும் அதனைத்தான் சொல்கின்றன.

மறுப்பும் மாற்றமும்

கைப்பேசியிலேயே கணக்கிடும் பொறி உள்ளதே என்பர். பொறி விடை தரும், வினாவைத் தாராது. 70,200 என்று கூட்டச் சொன்னால் கூட்டும். எதைக் கூட்டவேண்டும் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். சட்டம் காக்கும் என்பர். எடையளவைக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டமும், நுகர்வோர்க்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. உண்மை. ஆனால் இழந்ததை அறிந்தவரே முறையிட முடியும். இழந்ததையே அறியாதவரை எச்சட்டம் காக்கும்? 'எனக்குக் கணக்கு வராது' என்பர். அவர்களுக்கு ஆச்சியே விடை.

செய்யவேண்டுவது பெரிதன்று. கணிதத்துறையும் தமிழ்த்துறையும் கைகோத்து, முதலாண்டு மாணவரைப் பருவத்துக்கு ஒருமுறையேனும் சந்தைக்கு அழைத்துச் செல்லலாம். அங்கு வழங்கும் கணக்குச் சொற்களையும் வாய்க்கணக்கு முறைகளையும் அவர்கள் எழுதிவரலாம். அவை மறைந்துவரும் தமிழ்ச் செல்வமும் ஆகும். தாய்மார்க்கும் தறித்தொழிலாளர்க்கும் மாலை நேரத்தில் தள்ளுபடியையும் தவணையையும் பற்றி மாணவர்களே வகுப்பெடுக்கலாம். சமுதாயப் பெரியோர்கள் அதற்கு ஒரு கூடத்தையும் ஒரு கரும்பலகையையும் உதவினால் போதும். தெரியாத எண்ணுக்கு வேற்றெழுத்தே வேண்டும் என்பதில்லை. 'பொ' என்றும் 'வெ' என்றும் எழுதினாலும் சமன்பாடு சமன்பாடாகவே இருக்கும். அச்சம் மட்டும் அகன்றுவிடும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை வீட்டுக்குக் காய் வாங்கச் செல்லும்போது, பையோடு ஒரு சமன்பாட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பளபளக்கும் விலைச்சீட்டின் முன் அது உங்களைக் காக்கட்டும்; வெயிலில் அமர்ந்திருக்கும் சிறுவணிகர் முன் அது உங்கள் நாவை அடக்கட்டும். விற்பவர் கையில் ஒரு தராசு இருக்கிறது. வாங்குவோர் கையிலும் ஒன்று இருந்தால், கடைத்தெருவில் நேர்மை நிலைக்கும்.